வலிக்காத கை

ரொட்டிக்கடை மாஸ்டருக்கு நெருப்பைக் கண்டு பயமில்லை, ஊசியைக் கண்டுதான் பயம். இதை வைத்து நான் அவரைச் செய்த கிண்டலை இப்போது நினைத்தால் என் வாயிலேயே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் கடை அவர் கடைக்கு நேர் எதிரே. தையல் மெஷின் பழுது பார்க்கிறேன். ஊசி மாற்றும்போதெல்லாம் அதைத் தூக்கிக் காட்டி, "மாஸ்டர், ஒண்ணு போடட்டுமா?" என்பேன். "யோவ், அந்தப் பக்கம் திரும்பி உன் வேலையப் பாருய்யா" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் கண் ஊசி மேலேயே இருக்கும். அவ்வளவு பெரிய உடம்பு. ஐம்பது கிலோ மாவு மூட்டையைத் தலையணையைத் தூக்குவதுபோல் தூக்குகிறவர். முழங்கை வரைக்கும் சூடான ட்ரே பட்டுப் பட்டுக் கோடு கோடாகத் தழும்பு. அடுப்புக்குள் தலையை நீட்டி ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்ப்பார், புருவம் கருகிப் பாதிதான் இருக்கும்.

வீட்டில் மூன்று பேர். மாஸ்டர், கல்லாவில் உட்காரும் அவர் சம்சாரம், பிறகு அவர் தங்கை. பிள்ளை குட்டி இல்லை. அப்பா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது, இவருக்கு இருபது. மூட்டை தூக்கித்தான் அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். இதை அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை, சம்சாரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரு முழுக்க அந்தப் பெண்ணை "சிஸ்டர்" என்றது. வீட்டில் அவள் பாப்பா. முப்பது வயதைத் தாண்டியும் பாப்பாதான்.

தெருக்கோடி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வார்டில் அவளுக்கு வேலை. பெரும்பாலும் நைட் டூட்டி. அவள் கைக்கு ஒரு பேர் இருந்தது. நரம்பு அகப்படாத கிழவர்களுக்கும், குத்த விடாமல் உதைக்கிற குழந்தைகளுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஊசியை எடுத்துவிட்டு "ஆச்சு" என்பாள். "எப்ப சிஸ்டர் போட்டீங்க?" என்று கேட்பார்கள். ராசியான கை என்று ஊரே சொன்னது. எனக்கு அவள் ஒரு தடவை போட்டிருக்கிறாள். சத்தியமாக வலிக்கவில்லை.

மாஸ்டருக்கு அடிவயிற்றில் வலப்பக்கம் ஒரு புடைப்பு வந்தது. மூட்டை தூக்கும்போது ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு தூக்கினார். ஆறு மாதம் அப்படியே ஓட்டினார். கடைசியில் சம்சாரம் அழுது, தங்கை மிரட்டி, டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். குடலிறக்கம், ஆபரேஷன்தான் வழி, உள்ளே ஒரு வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

"கிழிஞ்ச பாக்கெட்டுக்கு உள்ள துணி வெச்சுத் தைக்கிற மாதிரிதான மாஸ்டர். நானே தெச்சுடுவேன்" என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. "எத்தன ஊசி போடுவாங்க?" என்று தங்கையைக் கேட்டார்.

"நரம்புல ஒண்ணுதாண்ணா. அது வழியாத்தான் எல்லா மருந்தும் போகும். அத நான் போட்டுடறேன்."

"மயக்கத்துக்கு?"

"முதுகுல ஒண்ணு. அத டாக்டர்தான் போடுவார்."

மாஸ்டர் கையிலிருந்த மாவை உதறினார். "அப்ப வேணாம்."

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாரம் அவரைத் தாஜா செய்தோம். அவருக்குச் சர்க்கரை வேறு. புண்ணில் சீழ் வைக்காமல் இருக்க ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒரு ஊசி உண்டு என்று பாப்பா அண்ணிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கல்லாவுக்கு எதிரே நின்று நானும் கேட்டேன்.

"சீழ் வந்த பிறகுதான ஊசி போடுவாங்க? வராததுக்கு எதுக்கு?" என்றாள் சம்சாரம்.

"வராம இருக்கத்தான் அண்ணி. கத்தி வெக்கற நேரத்துல ரத்தத்துல மருந்து முழுசா இருக்கணும். வெட்டறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்குள்ள போடணும். ரொம்ப முன்னாடியே போட்டா, வெட்டறதுக்குள்ள வடிஞ்சு போயிடும். வெட்டி முடிச்சப்புறம் போட்டா, திருடன் போனப்புறம் கதவச் சாத்தின மாதிரி. அதனால தியேட்டருக்குள்ளதான் போடுவாங்க. அதான் முறை."

அவளுக்கு எல்லாம் தெரியும். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தெரியாமல் செய்தவள் இல்லை.

ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கே நான் போய்விட்டேன். மாஸ்டர் பச்சை அங்கியில், கட்டிலில் கால் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். அவருடையதுதான் முதல் ஆபரேஷன், எட்டு மணிக்கு. பாப்பாவின் நைட் டூட்டி ஏழு மணிக்கு முடியும். இரவு முழுக்க நின்ற கால், கண் இரண்டும் சிவந்திருந்தது. அண்ணன் கையைத் தன் மடிமேல் வைத்து, அந்தத் தழும்புகளுக்கு நடுவே தடவித் தடவி நரம்பைத் தேடினாள். ரொட்டி மாவை அமுக்கிப் பார்ப்பாரே அவர், அதே மாதிரி. மாஸ்டர் தலையைச் சம்சாரத்தின் இடுப்பில் புதைத்துக்கொண்டார்.

"ஆச்சுண்ணா."

"போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் சின்னப் பிள்ளைச் சிரிப்பு. பக்கத்து மேஜையில் அந்த மருந்துக் குப்பி இருந்தது, தியேட்டருக்கு அவரோடு அனுப்ப வேண்டியது. அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"சீழ் வைக்காம இருக்கறதுக்கு. உள்ள போடுவாங்க."

"உள்ள யாரு?"

"அங்க இருக்கறவங்க."

"நீயே போட்டுடு பாப்பா."

"அங்கதாண்ணா போடணும். குத்த மாட்டாங்க, இது வழியாத்தான் ஏத்துவாங்க. வலிக்காது."

"வேற எவனாவது இதப் பிடிச்சு அமுக்கினா? நீயே போட்டுடும்மா."

சம்சாரமும் சேர்ந்துகொண்டாள். "எட்டு மணிக்குத்தான? இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு. நீ போயிட்டா வேற யாரோ கை வைப்பாங்க. உன் கை ராசி அவருக்கு."

பாப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழுக்குப் பத்து நிமிஷம். நானும் சும்மா இருக்கவில்லை. எலும்பில்லாத நாக்கு. "போட்டு விடும்மா. யானை மாதிரி ஆளு, பூனைக்குட்டி மாதிரி முழிக்கிறாரு" என்றேன்.

அவள் குப்பியை உடைத்துக் கலந்து, நிதானமாக ஏற்றினாள். கட்டிலோடு தொங்கிய தாளில் 'ஆபரேஷனுக்கு முந்தைய ஊசி' என்று ஒரு வரி. அதற்கு எதிரே ஒரு சின்னக் கட்டம். டிக் அடித்தாள். கட்டத்தில் டிக் அடிக்கத்தான் இடம் இருந்தது, எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுத இடமில்லை. அண்ணன் தலையைக் கோதிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனாள்.

ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரே கூச்சல். கட்டட வேலையில் சாரம் சரிந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். இருந்தது ஒரே ஆபரேஷன் மேஜை. உயிர் போகிறவனை வைத்துக்கொண்டு குடலிறக்கத்தை யார் பார்ப்பார்கள்? நியாயந்தான். மாஸ்டரைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. பட்டினி வயிறு. "எழுந்து போயிடலாமாய்யா?" என்று என்னை மூன்று தடவை கேட்டார்.

பதினொன்றரைக்கு நான், "பாப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்யா. தூங்கட்டும். ராத்திரி பூரா நின்னிருக்கா" என்றார் மாஸ்டர்.

நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான்.

ஒரு மணிக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். தியேட்டர் கதவருகே மயக்க டாக்டர் தாளைப் புரட்டிக்கொண்டே, "ஆபரேஷன் ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க டாக்டர். என் தங்கச்சியே போட்டா. இந்த வார்டு சிஸ்டர்தான்" என்றார் மாஸ்டர், படுத்தபடியே, பெருமையாக.

"அப்ப சரி" என்று டாக்டரும் சிரித்தார். டிக் இருந்ததைப் பார்த்தார். கதவு சாத்தியது.

அன்று மாலை ஏழு மணிக்கு பாப்பா டூட்டிக்கு வந்தாள். மாஸ்டர் அரை மயக்கத்தில் கிடந்தார். சம்சாரம் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள், காலையிலிருந்து அவளும் பட்டினி.

"ஒம்பதரைக்கே வெளிய வந்திருப்பாரே, இன்னுமா மயக்கம் தெளியல?"

"ஒம்பதரையா? ஒரு மணிக்குத்தான் உள்ளயே கொண்டுபோனாங்க. உனக்குத் தெரியாதில்ல. பெரிய ஆக்சிடென்ட் கேஸ் வந்துடுச்சு."

பாப்பா சொட்டு மருந்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு மணிக்கா?"

"ஆமா."

"உள்ள மறுபடியும் ஊசி போட்டாங்களா அண்ணி?"

"எதுக்கு மறுபடியும்? நீ போட்டதத்தான் அவரே சொல்லிட்டாரே."

"சரி அண்ணி" என்றாள். குழாயைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தாள். முப்பது வருஷமாக மெஷின் சத்தத்தைக் கேட்டே பழுது சொல்கிறவன் நான். அந்தக் குரலில் என்னவோ மாறியது எனக்குக் கேட்டது. ஆனாலும் கேட்கவில்லை. ரொம்பப் பசி, வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் நாள் அடுப்பருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வேலையாட்களை விரட்ட ஆரம்பித்துவிட்டார். "மாவு இன்னும் எழும்பலடா, அவசரப்பட்டா கல்லு மாதிரி வரும்" என்ற சத்தம் என் கடைக்குக் கேட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஏழாம் நாள் சம்சாரம் அவர் நெற்றியைத் தொட்டுவிட்டு, "சுடுதே" என்றாள்.

"அடுப்புக்கிட்ட உக்காந்தவன் சுடாம, குளிருவானா?" என்றார்.

அது அந்த வீட்டில் பழகிப்போன பேச்சு. அந்தக் கடையில் எல்லோருமே சுடுவார்கள். மாவு பிசைகிறவனைத் தொட்டாலும் சுடும். யாருக்கும் காய்ச்சல் என்று தோன்றாது. பாப்பா மத்தியானம் தூங்கி எழுந்து வந்து தினமும் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். மேலே தையல் காய்ந்துதான் இருந்தது. ஒரு நாள் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி அடுப்புப் பக்கம் நீட்டி, "இதுக்கும் காய்ச்சல் பாப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு அதை உறைக்குள் போட்டுக்கொண்டாள். நம்ப வேண்டும் என்று இருக்கிறவர்களுக்கு ஒரு சாக்கு போதும்.

பதினொன்றாம் நாள் அவர் சட்டையில் ஈரம். ரொட்டி வேகிற வாசனையையும் மீறிக்கொண்டு ஒரு நாற்றம். முக்காலியிலிருந்து எழ முயன்றவர் எழ முடியாமல் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தூக்கிப் பிடித்தேன். அந்த உடம்பு கொதித்த கொதிப்பு அடுப்புச் சூடு இல்லை என்று தொட்ட உடனே எனக்குத் தெரிந்தது. வெளிக்காற்றில், ஆட்டோவில் போகும்போதும் அது குறையவே இல்லை.

தையலைப் பிரித்தார்கள். உள்ளே சீழ் கோத்துக் கிடந்தது. அந்த வலையே கெட்டுவிட்டது, எடுத்தாக வேண்டும், ஆனால் இந்தச் சர்க்கரையோடும் காய்ச்சலோடும் உடனே கத்தி வைக்க முடியாது, மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்றார் பெரிய டாக்டர்.

சம்சாரம் வெறி பிடித்தவள்போல் ஆகிவிட்டாள். நடைபாதையில் நின்று கத்தினாள். "நல்லா இருந்த மனுஷன். உங்க தியேட்டர் சுத்தமா இருந்தா ஏன் இப்படி ஆகுது? கழுவறாங்களா இல்லையா? யாரு கழுவறது? கூப்பிடுங்க அவள." ஆட்கள் கூடினார்கள். வீடியோ எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு யாரையாவது காட்டியாக வேண்டும். தியேட்டர் கழுவுகிற அம்மா ஒருத்தி இருந்தாள், பினாயில் அக்கா என்பார்கள். கையெல்லாம் பினாயிலில் ஊறித் தோல் உரிந்து கிடக்கும். இருபது வருஷமாகக் கழுவுகிறாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காண்டிராக்ட்காரன் அவளிடம் சொல்லிவிட்டான்.

மறுநாள் மத்தியானம் பாப்பா என் கடைக்கு வந்தாள். தெருவில் வெயில் சுட்டெரித்தது, எதிரே ரொட்டிக்கடையில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. அவள் மெஷினைப் பழுதுக்குக் கொடுக்க வந்த பெண் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்காவ நிறுத்திட்டாங்கண்ணே."

"கேள்விப்பட்டேன்."

"நாங்க ஒண்ணாத்தான் சாப்பிடுவோம், விடிகாலைல. அவங்க கழுவின தரையில சோறு போட்டுத் திங்கலாம். அவங்க தப்பு இல்ல."

நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தினேன்.

"ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்ப நான் போட்டேன். வெட்டினது ஒன்னேகாலுக்கு. கிட்டத்தட்ட ஆறரை மணி நேரம். அண்ணன் உடம்புல அந்த நேரத்துல மருந்து என்ன இருந்திருக்கும்? ஒண்ணும் இருந்திருக்காது. வெறும் டிக்குதான் இருந்துச்சு."

"எட்டு மணினு நினைச்சுத்தானம்மா போட்ட?"

"எட்டுனாலும் அது தியேட்டர்ல போடவேண்டியது. எனக்குத் தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் அண்ணி ஒரு மணினு சொன்னப்பவே தெரிஞ்சுடுச்சு. அப்பவே டாக்டர்கிட்ட ஓடிப்போய்ச் சொல்லியிருந்தா, கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்திருப்பாங்க. வீட்டுக்கே அனுப்பியிருக்க மாட்டாங்க. நான் ஒண்ணும் ஆகாதுன்னு மென்னு முழுங்கிட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "சொல்லாதம்மா. வேலை போயிடும். மாஸ்டர் படுத்துக் கிடக்கறப்ப வீட்டுல உன் ஒரு வேலைதான் நிக்குது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அக்காவுக்கும் வேலைதாண்ணே போச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கடையைப் பூட்டிக்கொண்டு அவளோடு போனேன். பெரிய டாக்டர் அறையில் மயக்க டாக்டரும் இருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், மணிக்கணக்கோடு. நான் கதவருகே நின்றேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எப்ப போட்டதுன்னு நாங்களும் கேக்கலியேம்மா" என்றார். "அஞ்சாறு மணி நேரம் ஆச்சுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு நிமிஷ வேலை. மறுபடி போட்டிருப்போம்."

மயக்க டாக்டர் தரையைப் பார்த்தார். "நான் டிக்கப் பாத்தேன். அவரும் சந்தோஷமாச் சொன்னாரு."

"மறுபடி போட்டிருந்தா இது வந்திருக்காதா டாக்டர்?" என்று பாப்பா கேட்டாள்.

"வராம இருந்திருக்கலாம். சரியான நேரத்துல போட்டும் சில பேருக்கு வரத்தான் செய்யுது. இவருக்குச் சர்க்கரை வேற. இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது."

அதற்கு அவர் நாலு அறை அறைந்திருக்கலாம். "உன்னாலதான்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்திருப்பாள். அவள் "சரிங்க டாக்டர்" என்று சொல்லி வெளியே வந்தாள்.

பினாயில் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை பாப்பா வார்டுக்கு வரக்கூடாது என்றார்கள். அவள் நேராக அண்ணன் கட்டிலுக்குப் போனாள். சம்சாரமும் இருந்தாள். அங்கேயும் நின்றபடியே சொன்னாள், அதே சொற்களில்.

சம்சாரம் எழுந்துவிட்டாள். "அடிப்பாவி, ஊரெல்லாம் கத்திட்டேனே நான். வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நீ போயிட்டா வேற யாரோ கை வைப்பாங்க என்று தானே சொன்னது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டர் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "அவளப் போய்த் தூங்கச் சொல்லுய்யா. மூஞ்சியப் பாரு" என்றார்.

திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் இரண்டாவது ஆபரேஷன். காய்ச்சல் நூற்று இரண்டுக்குக் கீழே இறங்கவில்லை, இனிமேலும் காத்திருக்க முடியாது என்றார்கள். தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது பாப்பா கூடவே நடந்தாள், வெறும் வீட்டுச் சேலையில். யூனிஃபார்ம் இல்லாமல் அந்த நடைபாதையில் அவளை யாரும் பார்த்ததில்லை. தியேட்டர் கதவருகே அதே மயக்க டாக்டர். தாளைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் கேட்டார்.

"ஊசி போட்டாச்சா?"

மாஸ்டர் தலையைத் தூக்கினார். "இன்னும் இல்ல டாக்டர். நீங்க போடுங்க. போட்டதும் மணி என்னான்னு என் தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க. வெளியதான் நிப்பா."

கதவு சாத்தியது. நாங்கள் மூன்று பேரும் நின்றோம், பெஞ்சு காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்தது. டாக்டரின் கண்கள் மட்டும் முகமூடிக்கு மேலே தெரிந்தன. "ஒன்பது நாற்பது" என்றார். பாப்பா என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெட்டினார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

வலையை எடுத்துவிட்டார்கள். ஆனால் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. முதலில் சிறுநீரகம் நின்றது, பிறகு மூச்சு. மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மாஸ்டர் போனார். அந்தப் பெரிய உடம்பைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. பாப்பாவின் உள்ளங்கையில் எழுத்து பாதி அழிந்து, பாதி இருந்தது. இரண்டாவது தடவை நேரம் சரியாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் ஓடிவிட்டது. விசாரணையில் அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. அவளே கேட்டு ரெக்கார்டு அறைக்குப் போய்விட்டாள். ஊசியைத் தொடுவதில்லை. தெருவில் யாராவது "சிஸ்டர், இந்தப் பிள்ளைக்கு நீங்க போட்டா அழாது" என்று வந்தால், "வேற யாரையாவது பாருங்க" என்று கதவைச் சாத்துவாள். வார்டுத் தாளில் இப்போது டிக் கட்டத்துக்குப் பக்கத்தில் மணி எழுத ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். பழைய தாள்கள் தீரும்வரை அவளே ஒவ்வொன்றிலும் ஸ்கேல் வைத்து அந்தக் கட்டத்தைப் போட்டாள் என்று பினாயில் அக்கா சொன்னாள்.

ரொட்டிக்கடையைச் சம்சாரம் விடவில்லை. அவளே அடுப்பருகே நிற்கிறாள். ஒரே வீடு, ஒரே சமையல், அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. திட்டிச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றும். ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிற நான் அந்த வீட்டுக்குள் போனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

போன வாரம் துருப்பிடித்த ட்ரே நழுவிச் சம்சாரத்தின் முன்கையைக் கிழித்துவிட்டது. துண்டைச் சுற்றி நான்தான் கூட்டிப்போனேன். கட்டுப் போட்டுவிட்டு, ஒரு ஊசி போட வேண்டும் என்று ஊசி அறைக்கு அனுப்பினார்கள். புதிதாக வந்த நர்ஸ் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும், ரெக்கார்டு அறையிலிருந்து பாப்பா மூச்சு வாங்க ஓடிவந்து வாசலில் நின்றாள்.

சம்சாரம் நர்ஸைக் கை காட்டி நிறுத்தினாள். "அவ போடட்டும்" என்றாள்.

"நான் போடறதில்ல அண்ணி."

"தெரியும்."

"இவங்க நல்லாப் போடுவாங்க."

"அன்னிக்கு நான்தான் உன்னக் கேட்டேன்" என்றாள் சம்சாரம். அறையில் எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னாள். "எட்டு மணிக்குத்தானன்னு சொன்னேன். வேற யாரோ கை வைப்பாங்கன்னு சொன்னேன். அவர் வலிக்கும்னு பயந்தாரு, எனக்கும் அது பொறுக்கல." பிறகு நல்ல கையின் சட்டையை மேலே ஏற்றிவிட்டாள். "வா. போடு. வலிக்கற மாதிரிப் போடு."

பாப்பா நர்ஸின் கையிலிருந்து ஊசியை வாங்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், இந்த ஊசிக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தாள். போட்டுவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். "ஆச்சு" என்று சொல்லவில்லை. நோட்டில் பதினொன்று இருபது என்று எழுதிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் சம்சாரம் பஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் போன அன்றுகூட அழாதவள் அவள். அன்று அந்த ஆறு பேரையும், மெல்லத் தூக்குங்க, மெல்லத் தூக்குங்க என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வலிச்சுதாம்மா?" என்றேன்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "கொஞ்சங்கூட வலிக்கலண்ணே" என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.